வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? பரோக் புனிதர் ஓவியங்களைப் பார்க்கப் பழகுவது எப்படி

ஐரோப்பிய மியூசியம் ஒன்றில் பரோக் அறைக்குள், அதாவது பதினேழாம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கும் அறைக்குள், முதல்முறை நுழைகிறவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான். சுவரெல்லாம் ஒரே கறுப்பு. கறுப்புக்குள் தாடி வைத்த கிழவர்கள், மண்டையோடுகள், மேலே செருகிய கண்கள். கால்மணி நேரத்துக்குள் எல்லாம் ஒரே படத்தின் நகல் போலத் தெரிய ஆரம்பிக்கும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு அட்டையைப் படிப்பார்கள், ஒரு போட்டோ எடுப்பார்கள், அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.

அப்படிப் போகாமல் நின்று பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பைபிள் தெரிந்திருக்க வேண்டும் என்றோ கலை வரலாறு படித்திருக்க வேண்டும் என்றோ இல்லை. நான் சொல்வது ஒன்றுதான்: கதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். இந்த ஓவியர்கள் கதையைச் சொன்னதே வெளிச்சத்தை வைத்துத்தான். யார் மீது விழுகிறது, யாரைத் தொடாமல் போகிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிக் கதை கையில் வந்துவிடும்.

பின்னணி கொஞ்சம் மட்டும். 1563 டிசம்பரில், ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கத்தின் கடைசி அமர்வில், கோயில்களில் படங்களும் சுரூபங்களும் இருக்கலாம், அவை மக்களுக்குக் கற்பிக்க வேண்டும், பக்தியைத் தூண்ட வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை தீர்மானித்தது. புராட்டஸ்டன்ட் தரப்பு படங்களை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. பதிலுக்கு ரோமில் ஏராளமான கோயில்கள் எழும்பின, பழையவை புதுப்பிக்கப்பட்டன, பீடத்துக்குப் பீடம் ஓவியங்கள் தேவைப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாதவர் வாசலிலிருந்து பார்த்தாலும் நெஞ்சில் தைக்க வேண்டும். இந்த வேலைக்குப் பொருத்தமான ஆளாக 1600 வாக்கில் ரோமில் வந்து நின்றவர் கரவாஜ்ஜோ. முழுப்பெயர் மிக்கேலாஞ்சலோ மெரிசி, பிறந்தது 1571, இறந்தது 1610. அவரிடமிருந்து தொடங்குவதுதான் வசதி.

முதலில் உங்கள் போனில் இருக்கும் டார்ச்சை எடுங்கள்

எந்த ஓவியத்தையும் திறப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். ராத்திரி ஒரு அறையில் எல்லா விளக்கையும் அணையுங்கள். வீட்டில் யாரையாவது நாற்காலியில் உட்கார வையுங்கள். டார்ச்சை அவர் தலைக்கு மேலே, ஒரு பக்கமாக, ஒரு மீட்டர் தள்ளிப் பிடியுங்கள். நெற்றி, மூக்குத்தண்டு, ஒரு கன்னம், காறை எலும்பு, மேலே திரும்பியிருக்கும் புறங்கை ஆகியவை மட்டும் தெரியும். ஒரு கண் குழிக்குள் மறைந்துவிடும். மூக்கின் நிழல் உதட்டின் மேல் கத்தியால் வெட்டினது போல விழும். இப்போது டார்ச்சின் மேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை விரித்துப் பிடியுங்கள். நிழலின் ஓரம் மெத்தென்று ஆகிவிடும். ஒளி வரும் இடம் சிறியதாக இருந்தால் நிழலின் ஓரம் கூர்மை. பெரியதாக இருந்தால் மென்மை.

இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டே ஓவியரின் அறையைப் பற்றி ஓரளவு ஊகிக்கலாம். கரவாஜ்ஜோ மூடிய இருட்டு அறையில் மாடல்களை நிறுத்தி, உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் ஒரே விளக்கொளியில் வரைந்தார், உடம்பின் முக்கியப் பகுதிகள் மட்டும் வெளிச்சத்தில் இருக்க மற்றதை நிழலில் விட்டார் என்று பெல்லோரி என்ற எழுத்தாளர் 1672-ல் வெளியிட்ட ஓவியர் வரலாறுகளில் எழுதியிருக்கிறார். கரவாஜ்ஜோவின் வாடகை ஒப்பந்தம் ஒன்றில், அறையின் மேற்கூரையில் பாதியைத் திறந்துகொள்ள அனுமதி வாங்கியிருக்கிறார். 1605-ல் வீட்டுக்காரி வாடகை பாக்கிக்கும் கூரைச் சேதத்துக்கும் சேர்த்து வழக்குப் போட்டுவிட்டார். பெரிய கேன்வாஸை நிறுத்தவா, மேலிருந்து வெளிச்சம் வரவா, எதற்காகக் கூரையைப் பிரித்தார் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். டார்ச் பயிற்சி செய்தவர்களுக்கு எந்தப் பக்கம் சாயத் தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரே ஒரு ஓவியத்தைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யக்கூடாதது, 'பரோக் ஓவியங்கள் டாப் 50' என்று தேடிப் போய் வரிசையாகத் தள்ளிக்கொண்டே இருப்பது. ஒன்று போதும், அரைமணி நேரம் அதோடு இருங்கள். நான் சிபாரிசு செய்வது 'மத்தேயுவின் அழைப்பு'. ரோமில் நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில், பிரெஞ்சுக்காரர்களின் கோயிலான சான் லூயிஜி தேய் பிரான்செசியில் இருக்கிறது. 1599-க்கும் 1600-க்கும் இடையில் வரைந்தது. ஏறக்குறைய மூன்றேகால் மீட்டர் உயரம், அதைவிடச் சற்றுக் கூடுதல் அகலம். நல்ல தெளிவான படம் விக்கிமீடியா காமன்ஸில் கிடைக்கும். போனைவிட லேப்டாப் திரை நல்லது. திரையின் பிரைட்னெஸைக் கூட்டுங்கள், இரவுநேர மஞ்சள் ஃபில்டர் இருந்தால் அணைத்துவிடுங்கள், அறை விளக்கையும் அணையுங்கள். கறுப்பில் ஜன்னலும் உங்கள் முகமும் பிரதிபலித்துக்கொண்டிருந்தால் இந்தப் படங்களில் பாதி தெரியவே தெரியாது.

சரி, படத்துக்கு வருவோம். இடது பக்கம் மேஜையைச் சுற்றி ஐந்து பேர், ஓவியர் காலத்து ஆடம்பர உடையில், இறகு வைத்த தொப்பியோடு. வலது பக்கம் இரண்டு பேர், வெறுங்காலோடு, பழங்காலத்து உடையில். கதை தெரியாதவர்களுக்கு ஒரே வரியில்: இயேசு சுங்கத்துறையில் உட்கார்ந்திருக்கும் வரி வசூலிப்பவரைப் பார்த்து 'என்னைப் பின்பற்றி வா' என்கிறார், அவரும் எழுந்து போய்விடுகிறார். இப்போது கதையை மறந்துவிட்டு இந்த வரிசையில் பாருங்கள்.

நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? முகங்களிலும் கைகளிலும் இடது பக்கமாக விழுகிறது. ஆகவே வெளிச்சம் வலதுபுறம் மேலேயிருந்து வருகிறது. இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடியுங்கள். விரலால் திரையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாலும் தப்பில்லை.

அந்த வெளிச்சம் எதிலிருந்து வருகிறது? படத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது, பெரிதாக, சுவரின் நடுவிலேயே. ஆனால் அதிலிருந்து ஒரு துளி வெளிச்சமும் உள்ளே வரவில்லை. மங்கிப்போய் நிற்கிறது. ஒளி வேறு எங்கிருந்தோ, படச்சட்டத்துக்கு வெளியிலிருந்து, இயேசுவின் தலைக்கு மேலாகச் சாய்ந்து இறங்கிச் சுவரில் ஒரு சரிவுக் கோடு போடுகிறது. ஜன்னலை வரைந்து வைத்துவிட்டு அதைப் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறார் என்பதைக் கவனித்தால், ஓவியர் என்ன சொல்கிறார் என்பது தானாகவே விளங்கும்.

யார் மீது படுகிறது? இதுதான் இந்தப் படத்தின் பெரிய வேடிக்கை. படத்தின் நாயகனான இயேசு பெரும்பாலும் இருட்டில் நிற்கிறார். முகத்தில் கொஞ்சம், நீட்டிய கையில் கொஞ்சம், தலைக்கு மேலே மெல்லிய கம்பி போல ஒரு ஒளிவட்டம், அவ்வளவுதான். போதாக்குறைக்கு அவர் முன்னால் புனித பேதுரு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று மறைக்கிறார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் பேதுருவைப் பிற்பாடுதான் சேர்த்திருக்கிறார் என்று தெரிந்தது. முதலில் இயேசு முழுசாகத் தெரிந்திருக்கிறார். ஓவியர் யோசித்து மறைத்திருக்கிறார். அந்தக் கையையும் உற்றுப் பாருங்கள். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில், கரவாஜ்ஜோவுக்கு முந்தைய, அதே பெயர்கொண்ட மிக்கேலாஞ்சலோ வரைந்த ஆதாமின் கை அதே தளர்ச்சியோடு இங்கே திரும்பி வந்திருக்கிறது.

யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? இறகுத் தொப்பிப் பையன்கள் இருவரும், கறுப்புத் தொப்பி வைத்த தாடிக்காரரும் வெளிச்சத்தின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். மேஜையின் இடது ஓரத்தில் குனிந்திருக்கும் இளைஞனும், மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் கிழவரும் திரும்பவில்லை. வந்திருப்பது யார் என்ற கவலையே இல்லாமல் காசை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, மத்தேயு யார்? தாடிக்காரர்தான் என்று பெரும்பாலானவர்கள் சொல்வார்கள், 'என்னையா?' என்று கேட்பது போலத் தன் பக்கம் விரலை நீட்டுகிறார் என்பது அவர்கள் வாதம். இல்லை, அந்த விரல் ஓரத்தில் குனிந்திருக்கும் இளைஞனைத்தான் காட்டுகிறது, 'இவனையா?' என்று கேட்கிறார், அடுத்த நொடி அவன் நிமிரப் போகிறான் என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் தாடிக்காரர் கட்சி. ஏனென்றால் அதே சிற்றாலயத்தில் இருக்கும் மற்ற இரண்டு ஓவியங்களிலும் மத்தேயு தாடி வைத்த பெரியவர். ஆனாலும் விரலின் திசையை மட்டும் வைத்துப் பார்த்தால் எதிர்க்கட்சி சொல்வதைத் தள்ளிவிட முடியாது.

ஓவியம் தொங்கும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள்

திரையில் மட்டும் பார்த்தால் கிடைக்காத விஷயம் ஒன்று உண்டு. 'அழைப்பு' அந்தச் சிற்றாலயத்தின் இடது சுவரில் இருக்கிறது. பீடத்துக்கு மேலே ஒரு நிஜ ஜன்னல். இடது சுவரைப் பார்த்து நின்றால் அந்த ஜன்னல் உங்கள் வலது பக்கம் வரும். ஓவியத்துக்குள் வெளிச்சம் வருவதும் வலது பக்கத்திலிருந்தே. எதிர்ச்சுவரில் 'மத்தேயுவின் மறைசாட்சியம்', அதாவது அவர் விசுவாசத்துக்காகக் கொல்லப்படும் காட்சி. அங்கே வெளிச்சம் இடமிருந்து வருகிறது, ஜன்னலும் அங்கே உங்கள் இடப்பக்கம். கோயில் ஜன்னலின் வெளிச்சமே ஓவியத்துக்குள் நுழைந்து தொடர்கிற மாதிரி ஏற்பாடு. பரோக் ஓவியத்தை எப்போது பார்த்தாலும், இப்போது மியூசியத்தில் இருந்தாலும், 'இது முதலில் எந்தச் சுவருக்காக வரைந்தது?' என்று கேளுங்கள். வெளிச்சம் ஏன் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதற்குப் பல சமயம் அதுவே பதில்.

நடுவில் பீடத்தின் மேல் இருப்பது 1602-ன் 'மத்தேயுவும் வானதூதரும்'. அது இரண்டாவது முயற்சி. முதலில் வரைந்ததில் மத்தேயு கால்மேல் கால் போட்ட நாட்டுப்புறத்துக் கிழவர், வெறுங்கால் பார்க்கிறவர் முகத்துக்கு நேரே நீண்டிருக்கும், எழுத்துக் கூட்டத் தெரியாதவர் போல வானதூதர் கையைப் பிடித்து எழுத வைக்கிறார். கோயில் தரப்பு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த ஓவியம் பின்னால் பெர்லினுக்குப் போய் 1945-ல் அழிந்துவிட்டது. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் மட்டும் பார்க்கலாம்.

யார் இந்தப் புனிதர்?

வெளிச்சத்தைப் பார்த்தாகிவிட்டது, இப்போது ஆளை அடையாளம் காணலாம். நம்மூர்க் கோயில் சுரூபங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சுலபம், அதே அடையாளங்கள்தான். சாவி வைத்திருந்தால் பேதுரு, அதாவது நம் இராயப்பர். வாள் என்றால் பவுல், சின்னப்பர். அம்பு தைத்த இளைஞர் செபஸ்தியார். உடைந்த சக்கரம் கத்தரீனா. இரும்புக் கிராதி லாரன்ஸ். தட்டில் இரண்டு கண்கள் இருந்தால் லூசியா. எக்ஸ் வடிவச் சிலுவை அந்திரேயா. அவிழ்ந்த நீளக்கூந்தல், தைலக் குப்பி, பக்கத்தில் மண்டையோடு இருந்தால் மகதலேனா மரியாள்.

குழப்பம் வருவது கிழவர்களிடம். மண்டையோடு இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சிவப்புத் துணியும் புத்தகமும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் ஜெரோம். பழுப்பு அங்கியும் கையில் காயமும் இருந்தால் அசிசி பிரான்சிஸ். நிபுணர்களே தடுமாறியிருக்கிறார்கள். மாட்ரிட்டின் பிராதோ மியூசியத்தில் இருக்கும், ஸ்பானிய ஓவியர் ரிபேராவின் 1639-ஆம் ஆண்டு ஓவியம் நெடுங்காலம் பர்த்தலமேயுவின் மறைசாட்சியம் என்றே பெயர் பெற்றிருந்தது. இப்போது அது பிலிப்பு. ஆகவே பெயர் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், குடி முழுகிப்போகாது.

கிட்டே போய்ப் பெயின்ட்டைப் பாருங்கள்

தூரத்திலிருந்து பார்த்தது போதும், ஜூம் செய்யுங்கள். கரவாஜ்ஜோ வெள்ளைக் கேன்வாஸில் தொடங்கவில்லை. முதலில் முழுக்கப் பழுப்புநிறத்தில் ஒரு அடிப்பூச்சு. ஆக, இருட்டு ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்து வெளிச்சப் பகுதிகளை மட்டும் மேலே கொண்டுவருகிறார். நிழல் பகுதிகளில் பெயின்ட் மெல்லிசு, சில இடங்களில் அடிப்பூச்சே நிழலாக நிற்கும். வெளிச்சம் படும் நெற்றியிலும் சட்டைக் கையிலும் ஈயவெள்ளை கெட்டியாக ஏறியிருக்கும். அவர் காகிதத்தில் வரைந்த முன்வரைவு என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. அடிப்பூச்சு ஈரமாக இருக்கும்போது தூரிகையின் பின்முனையால் கீறி, ஆட்கள் எங்கே வரவேண்டும் என்று குறித்துக்கொண்டார். சில ஓவியங்களில் பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்தக் கீறல்கள் இன்றும் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நீங்கள் பார்க்கும் கறுப்பு முழுவதும் ஓவியரின் கறுப்பு என்று நம்பிவிடாதீர்கள். நாநூறு ஆண்டு மெழுகுவர்த்திப் புகை, பழுப்பேறிய வார்னிஷ், காலப்போக்கில் மேலெழும்பித் தெரிகிற அடிப்பூச்சு எல்லாம் சேர்ந்தது அது. வரைந்த புதிதில் நிழலுக்குள் இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்திருக்கும்.

கிட்டப் பார்வைக்கு நல்ல பயிற்சி, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கும் 'பேதுருவின் மறுதலிப்பு'. 1610-ல், கரவாஜ்ஜோவின் கடைசி மாதங்களில் வரைந்தது. மியூசியத்தின் தளத்திலேயே பெரிய அளவில் இலவசமாகத் திறக்கலாம். மூன்றே பேர்: ஒரு வேலைக்காரப் பெண், கவசம் போட்ட வீரன், பேதுரு. வீரனின் முகம் கிட்டத்தட்ட முழுசாக இருட்டில். பேதுருவின் இரண்டு கைகளும் தன் நெஞ்சையே காட்டுகின்றன, இயேசுவைப் பற்றி 'எனக்கு அந்த ஆளைத் தெரியாது' என்று. வெளிச்சம் அந்தக் கைகளிலும், சுருங்கிய நெற்றியிலும் போய் நிற்கிறது. இந்தக் கட்டத்தில் கரவாஜ்ஜோவின் தூரிகை வேகம் எடுத்துவிட்டது. கை விரல்களை ஜூம் செய்தால் ஒவ்வொன்றும் நாலைந்து இழுப்பில் முடிந்திருப்பது தெரியும். பத்து வருஷத்துக்கு முந்தைய மத்தேயு படத்தின் கைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு சின்ன வேலை: படத்தைப் போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நல்ல பரோக் ஓவியத்தில் நிறம் போனாலும் கதை நிற்கும். சிவப்புத் துணியின் கவர்ச்சி போய்விடும், எது முக்கியம் என்று வெளிச்சம் மட்டும் சொல்லும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாலும் இதே பலன்தான்.

ரோமுக்குப் போகிறவர்களுக்கு

கோயில்களுக்கு டிக்கெட் கிடையாது. மதியம் பூட்டிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. தோளும் முழங்காலும் மூடிய உடை. சட்டைப்பையில் யூரோ சில்லறை கட்டாயம் வேண்டும்: சிற்றாலயத்தின் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும், காசு போட்டால் சில நிமிடம் விளக்கு எரியும், பிறகு டப்பென்று அணையும். ஆனால் உடனே போடாதீர்கள். விளக்கு அணைந்திருக்கும்போது இரண்டு நிமிடம் நின்று, கண்ணை இருட்டுக்குப் பழக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஓவியர் கணக்குப் போட்டது அந்த வெளிச்சத்துக்குத்தான். அப்புறம் காசு போடலாம். நீங்கள் போடாவிட்டாலும் பின்னால் நிற்கும் யாராவது போட்டுவிடுவார். பளபளப்பு கண்ணைக் கூசினால் ஓரடி பக்கவாட்டில் நகருங்கள்.

சான் லூயிஜியிலிருந்து சில நிமிட நடையில் சான்த் அகொஸ்தீனோ கோயில். அங்கே 'யாத்ரீகர்களின் மாதா'. வாசற்படியில் மாதா குழந்தையோடு நிற்க, இரண்டு ஏழைகள் மண்டியிட்டிருக்கிறார்கள். அந்த ஆணின் உள்ளங்கால்கள் பார்க்கிறவர் கண்ணுக்கு நேராக, அழுக்கோடு. வெளிச்சம் மாதாவின் கழுத்தில் எவ்வளவு கவனமாக விழுகிறதோ அதே கவனத்தோடு அந்த அழுக்குக் காலிலும் விழுகிறது.

அங்கிருந்து வடக்கே நடந்தால் போபோலோ சதுக்கம். அதன் ஓரத்தில் சான்தா மரியா தெல் போபோலோ கோயில். செராசி சிற்றாலயத்தின் இரண்டு பக்கச் சுவர்களிலும் கரவாஜ்ஜோ, நடுவில் அவர் போட்டியாளர் அன்னிபாலே கராச்சியின் மாதா விண்ணேற்பு. மூன்றையும் ஒரே பார்வையில் பாருங்கள். கராச்சியின் படத்தில் எல்லாரும் எல்லாப் பக்கமும் ஒளிர்கிறார்கள். அழகுதான், ஆனால் கண் நிற்பதற்கு இடமில்லை. வலது சுவரில் சவுலின் மனமாற்றம் (பின்னாளில் பவுல் ஆனவர் இவர்தான்). வானத்திலிருந்து ஒளி சூழ்ந்தது, கீழே விழுந்தான், குரல் கேட்டது என்பது அப்போஸ்தலர் பணிகளில் வரும் கதை. மற்ற ஓவியர்கள் மேகத்தில் இயேசுவை வரைந்து, படைவீரர்களைச் சிதறி ஓடவிடுவார்கள். கரவாஜ்ஜோவே முதலில் சைப்ரஸ் மரப்பலகையில் அப்படித்தான் வரைந்தார், அந்தப் படம் இப்போது ரோமில் தனியார் வசம் இருக்கிறது. இரண்டாவதில் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டார். ஒரு குதிரை, அதைப் பிடித்திருக்கும் கிழவர், கீழே கைகளை விரித்தபடி கண் மூடிக் கிடக்கும் சவுல். படத்தின் பெரும்பகுதி குதிரையின் விலாதான். குதிரைக்கும் அந்தக் கிழவருக்கும் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. ஒளி சவுலுக்கு மட்டும்.

அடுத்து யாரைப் பார்க்கலாம்?

கரவாஜ்ஜோ பழகியபின் ஜார்ஜ் த லா தூர். லொரேன் பகுதிக்காரர், 1593-ல் பிறந்து 1652-ல் இறந்தவர். இறந்தபின் அடியோடு மறக்கப்பட்டு, 1915-ல் ஹெர்மன் ஃபோஸ் என்ற ஜெர்மன் கலை ஆய்வாளர் மீட்டெடுத்த பெயர். இவருடைய இரவுக் காட்சிகளில் வெளிச்சம் வெளியிலிருந்து வராது. படத்துக்குள்ளேயே ஒரு மெழுகுவர்த்தி இருக்கும். ஆகவே நீங்கள் பார்க்கும் முறையும் மாற வேண்டும். ஒரே திசை நிழல் கிடையாது, சுடரைச் சுற்றி நாலாபுறமும் நிழல் விரியும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும் என்பது இயற்பியல்; அதனால்தான் சுடருக்குப் பக்கத்தில் இருக்கும் முகம் பளிச்சென்றும், ஒரு கை தள்ளி இருக்கும் சுவர் இருட்டாகவும் இருக்கிறது. லூவரில் இருக்கும் 'தச்சர் யோசேப்பு' படத்தில் சூசையப்பர் குனிந்து கட்டையில் துளை போடுகிறார். சிறுவன் இயேசு மெழுகுவர்த்தி பிடித்திருக்கிறான், சுடர் காற்றில் அணையாமல் இன்னொரு கையை மறைவாக வைத்திருக்கிறான். அந்த விரல்களுக்குள் வெளிச்சம் புகுந்து சிவப்பாகத் தெரிகிறது. நகத்தில் அழுக்குகூட இருக்கிறது. இத்தனை அமைதியான ஓவியரைக் கரவாஜ்ஜோவின் வாரிசு என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை. இருட்டு ஒன்றுதான் பொது.

ஸ்பெயின்காரர்களில் சுர்பரானை முதலில் பாருங்கள். 1628-ல் வரைந்த 'புனித செராபியோன்', அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு மியூசியத்தில் இருக்கிறது. சித்திரவதையில் இறந்த துறவி, கைகள் மேலே கட்டப்பட்டு, தலை தோளில் சாய்ந்திருக்கிறது. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. படத்தில் பெரும்பாலும் வெள்ளை அங்கியின் மடிப்புகள்தான். அந்த வெள்ளைக்குள் எத்தனை சாம்பலும் மஞ்சளும் பழுப்பும் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். வெள்ளை என்று ஒன்றும் இல்லை என்றே தோன்றிவிடும். ரிபேராவைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதியவர்களின் தோல் சுருக்கத்தைக் கெட்டிப் பெயின்ட்டில் அப்படியே குழைத்து எடுப்பார், கெட்டிக்காரர், ஆனால் ஆரம்பத்திலேயே பார்த்தால் வலிதான் மனதில் நிற்கும், வெளிச்சம் நிற்காது.

பெரிய மண்டபத்தில் ஓவியங்களைச் சுவரெங்கும் புரொஜெக்டரில் ஓட விட்டு, பின்னணி இசை போட்டு டிக்கெட் விற்கும் கண்காட்சிகளைப் பற்றி என்னிடம் கேட்டால், இந்த ஓவியர்களுக்கு அது கொஞ்சமும் ஒத்துவராது என்பேன். கறுப்பைப் புரொஜெக்டரால் காட்ட முடியாது. சாம்பல் நிறந்தான் வரும்.

கடைசியாக, நமக்கும் தொடர்புள்ள ஒரு படம். பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் கோவாவுக்கு வந்து, அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு இறங்கினார். எழுபத்தைந்து வருஷம் கழித்து, ஆண்ட்வெர்ப் நகரத்து இயேசு சபைக் கோயிலுக்காக ரூபென்ஸ் 'சவேரியாரின் அற்புதங்கள்' என்ற பிரம்மாண்டமான பீட ஓவியத்தை வரைந்தார். சவேரியாருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 1622-ல். ஓவியம் அதற்கு முந்தியது. ஆசியப் பக்கமே வராத ஓவியர் கற்பனை செய்த கீழை நாடு அது. கறுப்பு அங்கியில் சவேரியார் மேடையில் நிற்கிறார், கீழே நோயாளிகளும் குருடர்களும் உயிர்த்தெழுகிறவர்களும். பின்னால் ஒரு கோயிலில், வானத்திலிருந்து இறங்கும் ஒளிக்கதிர் பட்டுச் சிலை உடைந்து சரிகிறது. மத்தேயுவைக் கூப்பிட்ட அதே ஒளி இங்கே அடிக்கிறது. இந்தக் கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும், உறுத்தட்டும். வெளிச்சத்துக்கு இப்படியும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

இந்த ஓவியம் இப்போது வியன்னாவின் கலை வரலாற்று மியூசியத்தில் இருக்கிறது. கரவாஜ்ஜோவின் 'ஜெபமாலை மாதா'வும் அதே மியூசியத்தில்தான். அதை ஆண்ட்வெர்ப் கோயில் ஒன்றுக்காக வாங்கிக் கொடுத்தவர்களில் ரூபென்ஸும் ஒருவர். வியன்னா போனால் முதலில் ஜெபமாலை மாதாவைப் பாருங்கள், பிறகு ரூபென்ஸிடம் போங்கள். வரிசையை மாற்றினால் ரூபென்ஸின் நிறங்கள் கண்ணில் ஒட்டிக்கொண்டு, கரவாஜ்ஜோ வெறும் இருட்டாகத் தெரிவார்.